காலேஜ் மாறும்போது ஜென்-எட் கிரெடிட்டைத் தொலைக்காமல் கொண்டுபோவது

டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புக்கான அரசுக் கல்லூரி) பத்துப் பாடம் முடித்து, 31 கிரெடிட்டோடு 2023-இல் கலிபோர்னியாவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு வேலை மாறியது, அதனால் நானும் காலேஜ் மாறினேன். புதிய கம்யூனிட்டி காலேஜ் அனுப்பிய தாளில், 31 யூனிட்டும் (இங்கே கிரெடிட்டை யூனிட் என்பார்கள்) ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று போட்டிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் கேசரி கிண்டினேன்.

இரண்டு வாரம் கழித்துக் காலேஜின் கவுன்சிலர் (பாட ஆலோசகர்) முன்னால் உட்கார்ந்தபோதுதான் விஷயம் விளங்கியது. பொதுக்கல்வி, அதாவது ஜென்-எட், எந்தப் பட்டத்துக்கும் எல்லோரும் படிக்க வேண்டிய அடிப்படைப் பாடங்கள். அந்தக் கட்டங்களில் போய் உட்கார்ந்தது 22 யூனிட். மீதி 9 யூனிட் 'எலெக்டிவ்' என்ற தலைப்புக்குக் கீழே கிடந்தது. அதாவது எண்ணிக்கைக்கு உண்டு, எந்தத் தேவையையும் நிரப்பாது. கல்யாண வீட்டில் உள்ளே வாங்க என்று கூப்பிட்டுவிட்டுப் பந்தியில் இலை போடாத மாதிரி.

பொதுக்கல்வி கிரெடிட்டை மாற்றுவதில் முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான். 'என் கிரெடிட் டிரான்ஸ்ஃபர் ஆகுமா?' என்று கேட்டால் ஆகும் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். டெக்சாஸில் எனக்கு ஆலோசனை சொன்னவரும் எல்லாம் போகும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. கேட்க வேண்டிய கேள்வி இது: 'இந்தப் பாடம் அங்கே எந்தத் தேவையை நிரப்பும்?' ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

இது என் ஒருத்தியின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்திருப்பார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2017-இல் கணக்குப் போட்டுச் சொன்னது.

முதலில் மாநிலத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஒரே மாநிலத்துக்குள், அரசுக் கல்லூரியிலிருந்து இன்னொரு அரசுக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குப் பாதை ஓரளவு போட்டு வைத்திருக்கிறார்கள். டெக்சாஸில் 42 கிரெடிட் கொண்ட 'கோர்' என்ற பொதுக்கல்வித் தொகுப்பு உண்டு. அதை முழுசாக முடித்துவிட்டால் அந்த மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை மொத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பாடம் பாடமாகப் பிரித்துப் பார்த்து இது வேண்டாம், அது வேண்டாம் என்று சொல்ல முடியாது. அங்கே பாட எண்களும் பொதுவானவை. இங்கிலீஷ் 1301 என்றால் முதல் இலக்கம் எந்த வருடத்துப் பாடம் என்பது, இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் என்பது. ஃபுளோரிடாவில் பொதுக்கல்வி 36 கிரெடிட், அங்கேயும் பொது எண்கள்தான்.

எனக்கு 42-இல் 11 கிரெடிட் பாக்கி இருந்தபோது மூட்டை கட்டினோம். மாநில எல்லையைத் தாண்டியதும் அந்த 'மொத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும்' என்ற விதி செல்லாது. முழுசாக முடித்துவிட்டு வந்திருந்தாலும் கலிபோர்னியாவை அது கட்டுப்படுத்தாது. ஆனால் டெக்சாஸுக்குள்ளேயே வேறு ஊருக்குப் போகிறவராக இருந்தால், ஒரு செமஸ்டர் கூடுதலாக இருந்து 'கோர்' முழுவதையும் முடித்துவிட்டுப் போவது எவ்வளவோ நல்லது.

கலிபோர்னியாவில் நான் படித்தபோது இருந்த பொதுக்கல்விப் பட்டியலுக்கு ஐகெட்சி (IGETC) என்று பெயர். அதற்குப் பக்கத்திலேயே கால்ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) வளாகங்களுக்கென்று இன்னொரு பட்டியலும் இருந்தது. இரண்டில் எது என்று மாணவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். 2021-இல் வந்த சட்டம் ஒன்று இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னது. அதனால் 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்கிறவர்களுக்கு கால்-கெட்சி (Cal-GETC) மட்டும்தான்: 11 பாடம், 34 செமஸ்டர் யூனிட். யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா), கால்ஸ்டேட் என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் அதுவே.

ஆறு பகுதிகள். முதல் பகுதியில் மூன்று: 1 ஏ ஆங்கிலக் கட்டுரை, 1 பி விமர்சனச் சிந்தனையும் கட்டுரையும், 1 சி மேடைப்பேச்சு. இரண்டாவது கணிதம் அல்லது புள்ளியியல். மூன்றாவதில் கலை ஒன்று, இலக்கியம், தத்துவம் மாதிரியான ஹியுமானிட்டீஸ் துறைகளில் ஒன்று. நான்காவதில் இரண்டு வெவ்வேறு சமூக அறிவியல் துறைகளிலிருந்து இரண்டு பாடம். ஐந்தாவதில் இயற்பியல், வேதியியல் மாதிரியான அறிவியல் ஒன்று, உயிரியல் ஒன்று, இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு லேப். ஆறாவது எத்னிக் ஸ்டடீஸ் (அமெரிக்காவின் சிறுபான்மை இனங்களைப் பற்றிய படிப்பு). ஒவ்வொன்றிலும் குறைந்தது சி கிரேடு வேண்டும். சி மைனஸ் போதாது. பல பேர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

என் பத்துப் பாடங்களின் கதி

ஆங்கிலம் 1301 நேராக 1 ஏ-வில் உட்கார்ந்தது. புள்ளியியல் 1342 கணிதக் கட்டத்துக்குப் போனது. அமெரிக்க வரலாறு இரண்டு, உளவியல், மத்திய அரசு பற்றிய பாடம், லேபோடு சேர்ந்த நான்கு கிரெடிட் உயிரியல், எல்லாமே சிக்கலில்லாமல் இடம் பிடித்தன. மாட்டிக்கொண்டவை மூன்று.

முதலாவது, ஆங்கிலம் 1302. இரண்டாவது கட்டுரைப் பாடம், ஏ கிரேடு வேறு. கலிபோர்னியா அதை எலெக்டிவ் என்றது. காரணம், 1 பி என்பது இந்த மாநிலத்துக்கே உரிய ஒரு சேர்க்கை. வெறுமனே கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தால் போதாது. வாதத்தைப் பிரித்துப் பார்ப்பது, தர்க்கப் பிழையைக் கண்டுபிடிப்பது எல்லாம் அந்தப் பாடத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் உதைப்பது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான்.

ஆனால் என் வகுப்பில் அதெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். டிரான்ஸ்கிரிப்டில், அதாவது காலேஜ் தரும் மதிப்பெண் பட்டியலில், அது தெரியாது. டிரான்ஸ்கிரிப்டில் இருப்பது ஒரு வரி: பாடத்தின் பெயர், கிரெடிட், கிரேடு. மதிப்பிடுகிறவருக்கு வேறென்ன தெரியும், பாவம்? வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே தாள் சிலபஸ். அது என்னிடம் இல்லை. செமஸ்டர் முடிந்த அன்றே மடிக்கணினியைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் அழித்திருந்தேன். பழைய காலேஜின் மாணவர் தளத்திலும் நுழைய முடியவில்லை.

அந்த ஆங்கிலப் பேராசிரியருக்கு எழுதினேன். பதில் இல்லை. துறை அலுவலகத்துக்கு எழுதினேன். பாட எண், பிரிவு எண், எந்தப் பருவம், யார் நடத்தினார் என்று நான்கு தகவலையும் கொடுத்ததும் மூன்றாம் நாள் பிடிஎஃப் வந்தது. (டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் சிலபஸை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும் என்று 2009-லேயே சட்டம் வந்திருக்கிறது. எனக்கு அது தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு.) அதில் ஆறாவது வாரத்துக்கு நேராகத் தர்க்கப் பிழைகள் என்று பாடத் தலைப்பே இருந்தது.

அதை வைத்துப் பெட்டிஷன் போட்டேன். பெட்டிஷன் என்றதும் பயப்பட வேண்டாம், ஒரு பக்கப் படிவம்தான். ஆனால் எழுதுகிற விதம் ஒன்று இருக்கிறது. நான் முதலில் எழுதியது, 'நான் நன்றாகப் படித்தேன், ஏ வாங்கினேன், குடும்பச் சூழல் காரணமாக ஊர் மாறினேன், தயவுசெய்து கருணை காட்டவும்' என்ற ரீதியில் இருந்தது. கவுன்சிலர் படித்துவிட்டுச் சிரித்தார். இந்தப் படிவம் கருணை மனு இல்லை, ஒப்பீடு என்றார். அப்புறம் அவர் சொன்னபடி இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினேன். இடது பக்கம் இங்கே உள்ள பாடத்தின் அதிகாரபூர்வ விவரக் குறிப்பில் என்ன கேட்கிறார்கள் என்பது. வலது பக்கம் என் சிலபஸில் அது எந்தப் பக்கத்தில், எந்த வாரத்தில் இருக்கிறது என்பது. எத்தனை கட்டுரை, மொத்தம் எத்தனை சொல், என்ன புத்தகம், எல்லாம். சிலபஸில் அந்த வரிகளுக்கு மஞ்சள் அடித்து இணைத்தேன். ஐந்து வாரத்தில் ஆங்கிலத் துறை ஒப்புக்கொண்டது. மதிப்பிடும் அலுவலகம் சொல்லுவது முதல் தீர்ப்புதான். பாடத்தைப் பற்றிய முடிவு அந்தத் துறை ஆசிரியர்கள் கையில் இருக்கிறது.

இரண்டாவது, மேடைப்பேச்சு. பெருந்தொற்றுக் காலத்தில் ஆன்லைனில் படித்தது. கிரெடிட் ஓகே, ஆனால் பேச்சுகளை மற்றவர்கள் முன்னால் நேரலையில் பேசினீர்களா, அல்லது தனியாக வீடியோ எடுத்து அனுப்பினீர்களா என்று கேட்டார்கள். நல்லவேளை, ஜூமில் வகுப்பே பார்க்கத்தான் பேசினோம், சிலபஸிலும் அப்படியே எழுதியிருந்தது. ஆன்லைனில் பேச்சுப் பாடம் எடுக்கிறவர்கள் இதைச் சேருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, டெக்சாஸ் அரசமைப்பு. அரசியல் 2306. டெக்சாஸ் சட்டமன்றம் எப்படி நடக்கிறது, கவர்னருக்கு என்ன அதிகாரம் என்று விழுந்து விழுந்து படித்த பாடம். கால்ஸ்டேட் பட்டத்துக்கு அமெரிக்க வரலாறு, அமெரிக்க அரசமைப்பு, அப்புறம் மாநில, உள்ளாட்சி அரசு என்று மூன்று வேண்டும். அந்த மாநிலம் கலிபோர்னியாவாக இருக்க வேண்டும். நான் என்ன பெட்டிஷன் போட முடியும்? டெக்சாஸ் கவர்னரும் கவர்னர்தானே என்றா? கலிபோர்னியா அரசைப் பற்றி அதே மாதிரி இன்னொரு பாடம் எடுத்து முடித்தேன். யூனிட்டுக்கு 46 டாலர் வீதம் மூன்று யூனிட்டுக்கு 138 டாலர். அதுவும் மாநிலவாசிக்கான கட்டணம். அந்தக் கட்டணம் கிடைக்க ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் முதல் வருடம் அவசரப்பட்டு நிறையப் பாடம் எடுத்துவிடாதீர்கள். வெளிமாநிலக் கட்டணம் பல மடங்கு.

ஊரில் படித்தது

இதை எல்லோரும் கேட்கிறார்கள். நான் மதுரையில் ஒன்றரை வருடம் பி.எஸ்சி. படித்துவிட்டு நிறுத்தினவள். மதிப்பெண் பட்டியலை வரவழைத்து, மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பாடவாரியாக மதிப்பிட வைத்தேன். ஐகெட்சியில் வெளிநாட்டுக் கல்லூரிப் பாடங்களை, அந்தக் கல்லூரிக்கு அமெரிக்கப் பிராந்திய அங்கீகாரம் இருந்தாலொழிய, சேர்க்க மாட்டார்கள். ஆக, எனக்குப் பொதுக்கல்வியில் பூஜ்யம். பணம் கட்டுவதற்கு முன் சேரப்போகும் காலேஜில் எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை எடுத்துக்கொள்வீர்கள், எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

ஆனால் ஒரு வேடிக்கை. யூசிக்கும் விண்ணப்பிக்கலாம் என்று யோசித்திருந்தேன். அங்கே ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டம் அப்போது ஐகெட்சியிலேயே இருந்தது. ஆறாம் வகுப்போ அதற்கு மேலோ, ஆங்கிலம் அல்லாத பயிற்றுமொழியில் இரண்டு வருடம் பள்ளியில் படித்திருந்தால் அது நிரம்பிவிடும். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். கல்லூரியில் படித்த வேதியியல் செல்லாத இடத்தில் பள்ளிக்கூடத் தமிழ் செல்லுபடியானது. பள்ளிச் சான்றிதழ்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த அம்மாவுக்கு அன்றைக்கு போன் பண்ணிச் சொன்னேன். புதிய கால்-கெட்சியில் இந்தக் கட்டம் இல்லை, ஆனால் யூசி வளாகங்கள் தனியாகக் கேட்கலாம், பாருங்கள்.

பாடம் எடுப்பதற்கு முன்

கலிபோர்னியா அரசுக் கல்லூரிகளுக்கு அசிஸ்ட் என்ற இணையதளம் இருக்கிறது. இலவசம். எந்த கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்குச் சமம் என்பது அதில் அதிகாரபூர்வமாக இருக்கும். பார்க்கும்போது கல்வியாண்டைக் கவனியுங்கள். நீங்கள் பாடம் எடுத்த வருடத்தில் அந்தப் பாடம் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். இப்போது இருப்பதோ, போன வருடம் இருந்ததோ கணக்கில்லை. பெரும்பாலான தனியார் கல்லூரிகளும் வெளிமாநிலமும் அசிஸ்டில் வராது. அவற்றுக்கு டிரான்ஸ்ஃபராலஜி என்ற தளத்தில் தேடலாம், சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தேடுபக்கத்திலும் பார்க்கலாம்.

ஒரே பாடத்தை இரண்டு காலேஜில் எடுத்தால் கிரெடிட் ஒரு தடவைதான். பெயர் வேறாக இருப்பதைப் பார்த்து நானே புள்ளியியலை இன்னொரு முறை எடுக்கப் போனேன். இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் கலிபோர்னியாவும் இப்போது பொது எண்களுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் சி1000 என்று பார்த்தால் அந்தப் புதிய எண்தான்.

குவார்ட்டர் முறையில் (செமஸ்டரைவிடச் சின்னப் பருவங்கள்) படித்தவர்கள் தங்கள் யூனிட்டை மூன்றில் இரண்டால் பெருக்க வேண்டும். 4 குவார்ட்டர் யூனிட் என்றால் 2.67 செமஸ்டர் யூனிட். கட்டத்தை நிரப்ப அது போதும், ஆனால் மொத்தக் கூட்டலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். 60 செமஸ்டர் யூனிட் இருந்தால்தான் மூன்றாம் வருட மாணவராகப் போக முடியும் என்பதால் ஒரு யூனிட் குறைந்துகூட ஆட்கள் நின்றிருக்கிறார்கள். மறுபக்கம், கம்யூனிட்டி காலேஜிலிருந்து அதிகபட்சம் 70 யூனிட்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆசைக்கு எடுத்துக்கொண்டே போவதில் பிரயோஜனமில்லை.

ஏபி தேர்வு (பள்ளியிலேயே கல்லூரி அளவில் எழுதும் தேர்வு) மதிப்பெண் உள்ள பிள்ளைகள், முதல் காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் அது ஏறிவிட்டது, போதும் என்று இருந்துவிடக் கூடாது. அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேரடியாக இரண்டாவது இடத்துக்கும் அனுப்பச் சொல்ல வேண்டும்.

பொறியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் போகிறவர்களுக்கு என் கதை பாதிதான் பொருந்தும். கால்குலஸ், இயற்பியல் மாதிரி மேஜருக்கான (முதன்மைப் பாடத்துக்கான) முன்பாடங்களை முதலில் முடிக்க வேண்டும். பொதுக்கல்வி 11-ஐயும் முடித்துவிட்டு அவை பாக்கி என்றால் சேர்க்கையிலேயே அடிபடும்.

கல்விக் கடன், உதவித்தொகை வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புதிய காலேஜ் ஏற்றுக்கொள்ளும் கிரெடிட்டுகள் மத்திய அரசு உதவிக்கான கணக்கில் 'முயன்றவை', 'முடித்தவை' இரண்டிலும் சேரும். பட்டத்துக்குத் தேவையானதில் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் உதவி நிற்கும். உபயோகமில்லாத எலெக்டிவ் குவிந்தால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும்.

கிளம்பும் நேரத்தில்

எல்லாக் காலேஜிலிருந்தும் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும், ஒரே ஒரு பாடம் எடுத்த இடமாக இருந்தாலும். கோடையில் ஒரு பாடம் எடுத்துப் பாதியில் விட்டதை மறைத்தால் அது பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

அப்புறம், சான்றளிப்பு. 11 பாடமும் முடிந்துவிட்டது என்று கடைசியாகப் படித்த கம்யூனிட்டி காலேஜ் சான்று கொடுக்க வேண்டும். பல இடங்களில் இது தானாக நடக்காது. நீங்கள்தான் படிவம் போட்டுக் கேட்க வேண்டும். சான்று இல்லாமல் போனால், பல்கலைக்கழகம் தன் சொந்தப் பொதுக்கல்விப் பட்டியலை வைத்து உங்களை முதலிலிருந்து அளக்கும். கடைசிப் பருவத்தின் கிரேடு டிரான்ஸ்கிரிப்டில் ஏறிய பிறகு அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு முந்திய நாள் அனுப்பினால் இரண்டாவது தடவை பணம் கட்டுவீர்கள், என்னை மாதிரி.

கால்ஸ்டேட்டில் இதோடு பொதுக்கல்வி தீராது. மூன்றாம் வருடத்திலிருந்து எடுக்க வேண்டிய 9 யூனிட் தனியாக இருக்கிறது. அதை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது என்று எண்ணித் திட்டம் போடுங்கள். பட்டத்துக்குக் குறைந்தது 30 யூனிட்டை அந்த வளாகத்திலேயே படிக்கவும் வேண்டும்.

2025-இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, எந்தத் தேவை நிரம்பியது, எது பாக்கி என்று காட்டும் என் பட்டத் தணிக்கைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேடைப்பேச்சுக்கு நேராகச் சிவப்பு. இரண்டு வருடத்துக்கு முன்பு முடிந்துபோன பஞ்சாயத்து. பழைய ஒப்புதல் மின்னஞ்சலையும் சிலபஸையும் சேர்த்துப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். நான்கு நாளில் பச்சையானது. டெக்சாஸ் அரசமைப்பு மட்டும் இன்னும் பக்கத்தின் அடியில், எலெக்டிவ், 3 யூனிட் என்று அப்படியே கிடக்கிறது.